பழைய புடவையிலும் பிட் துணியிலும் பரிசு தைக்கும்போது வரும் கோளாறுகள்: எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

அம்மாவின் பட்டுப்புடவையில் தாம்பூலப் பை, தாத்தாவின் வேட்டியில் பிறந்த குழந்தைக்கு விரிப்பு, கிழிந்த ஜீன்ஸில் டிபன் பை, ரவிக்கைத் துணி மிச்சத்தில் சுருக்குப்பை. இப்படித் தைத்துக் கொடுப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "மெஷினில் ஏதோ கோளாறு." பார்த்தால் மெஷின் நன்றாகவே இருக்கும். கோளாறு துணியில் இருக்கும், அல்லது அந்தத் துணிக்குப் பொருந்தாத ஊசியில் இருக்கும். கடையில் புதிதாக வெட்டி வாங்கும் துணிக்கு எல்லா இடத்திலும் ஒரே பலம் உண்டு. இருபது வருடம் உடுத்திய புடவை அப்படி இல்லை. ஒரு சாண் தள்ளி வெட்டினால் அதே புடவை வேறு துணியாக இருக்கும்.

அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் இந்த வரிசையில் பாருங்கள்: துணி, ஊசி, நூல், நூல் கோத்த வழி, பாபின் (அடிநூல் சுற்றிய சிறு உருளை), பஞ்சுத்தூசி, அதன் பிறகே நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகு. பலர் முதலில் திருகைத்தான் திருப்புகிறார்கள். அப்புறம் இரண்டு கோளாறுகள் ஆகிவிடும்; எது பழையது, எது நாம் உண்டாக்கியது என்று பிரிக்கவே அரை நாள் போய்விடும்.

பட்டுத் துணி, ஊசி போன வழியே கிழிகிறது

இந்தப் புகார் வரும்போதுதான் மனம் சங்கடப்படும். திரும்ப வாங்க முடியாத துணி அது. அதனால் இந்த ஒரு பகுதியை மட்டும் தைப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

*வெட்டும் முன் செய்ய வேண்டிய சோதனை.* வெட்டப்போகும் இடத்தில் இரண்டு பெருவிரல்களையும் அரை அங்குல இடைவெளியில் வைத்து, பாவு வாக்கில் (நீள இழை) ஒரு முறையும் ஊடை வாக்கில் (குறுக்கு இழை) ஒரு முறையும் மெதுவாக இழுங்கள். மெல்லிய "சர்" சத்தம் கேட்டாலோ, இழைகள் விலகி அப்படியே நின்றுவிட்டாலோ அந்த இடம் பாரம் தாங்காது. பிறகு துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மடித்து வைத்த கோடுகளில் வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தால் அந்தக் கோடு இற்றுப்போயிருக்கிறது. கரையும் உடலும் சேரும் கோர்வை வரியையும், முந்தானை சேரும் இடத்தையும் தனியாக இழுத்துப் பாருங்கள்.

ஒரே புடவையில் எங்கே பலம் மிஞ்சியிருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். தோளில் ஊக்கு குத்திய இடம், அக்குள் ஓரம், கொசுவத்தின் மடிப்புகள், காலில் உரசும் கீழ்ஓரம் ஆகியவை முதலில் போகும். பட்டுக்கு வியர்வையும் வெயிலும் ஆகாது. இடுப்பைச் சுற்றி உள்ளே மறைந்திருக்கும் முதல் சுற்றில், மேல்ஓரத்தையும் கீழ்ஓரத்தையும் விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுத்தால் பெரும்பாலும் நல்ல துணி கிடைக்கும். முந்தானையின் அழகுக்கு ஆசைப்பட்டு அங்கேதான் எல்லோரும் கத்தரியை வைக்கிறார்கள். முந்தானை அழகுதான், ஆனால் ஜரிகைப் பாரமும் மடிப்புக் கோடுகளும் அதில்தான் அதிகம்.

*தைத்த உடனேயே கிழிந்தால்:*

ஊசியை மாற்றுங்கள். முனை மழுங்கிய ஊசி பட்டு இழையை விலக்கிக்கொண்டு போகாமல் அறுத்துக்கொண்டு போகும். 9 அல்லது 11 எண் புது ஊசி போடுங்கள். ஜாக்கெட் தைத்த 14 எண் ஊசியையே பட்டுக்கும் தொடர வேண்டாம்.

ஊசி புதிதுதான் என்றால் தையல் நீளத்தைப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் அல்லது அதற்குச் சற்று மேல் வையுங்கள். நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்ற கணக்கு நைந்த பட்டில் செல்லாது. நெருங்கிய துளைகள், தபால்தலையின் ஓரத்தைப் போல, கிழிவதற்கு வழிபோட்டுத் தந்துவிடும். அதே காரணத்தால் தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் முன்னும் பின்னுமாக ஓட்டிக் கெட்டிப்படுத்த வேண்டாம். நூல் நுனிகளை நீளமாக விட்டு, கையால் முடிச்சிடுங்கள்.

பிரித்துத் திரும்பத் தைக்கும் வேலையைப் பட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய துளைகள் மூடாது. குண்டூசியையும் தையல் விளிம்புக்குள் (தையலுக்கு வெளியே விடும் ஓரத்துணி) வரும் இடத்தில் மட்டும் குத்துங்கள்.

*ஊசியும் நீளமும் சரி, அப்படியும் கிழிகிறது என்றால்* துணிக்குத் தனியாக நிற்கும் பலம் இல்லை. பின்துணி கொடுக்க வேண்டும். பலமுறை துவைத்து மென்மையான பருத்தி வேட்டியை விடச் சிறந்த பின்துணியை நான் பார்த்ததில்லை. இனி அது சுருங்காது, சாயமும் விடாது. பட்டையும் வேட்டித் துணியையும் ஒரே அளவில் வெட்டி, ஓரம் முழுவதும் கையால் பெரிய ஓட்டுத் தையல் போட்டு இணைத்துவிட்டு, இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்துத் தையுங்கள். பாரம் வேட்டித் துணியில் விழும். பட்டு மேலே முகம் காட்டிக்கொண்டு இருக்கும். இஸ்திரி வைத்தால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸும் உதவும். ஆனால் முதலில் ஒரு துண்டில் ஒட்டிப் பாருங்கள். ஜரிகை சூட்டில் சுருண்டால் அது பிளாஸ்டிக் இழை கலந்த ஜரிகை, சூடு ஆகாது.

*தைத்தபோது நன்றாக இருந்து, சில வாரத்தில் மடிப்பில் கிழிந்தால்* தையலைக் குறை சொல்ல முடியாது, துணியின் ஆயுள் முடிந்திருக்கிறது. அந்தப் புடவையில் மிச்சம் இருப்பதைப் பாரம் சுமக்காத பொருளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: சட்டம் போட்டு மாட்டும் சதுரம், புத்தகத்தில் வைக்கும் அடையாளப் பட்டை, பருத்திப் பையின் மேல் ஒட்டுவேலையாக ஒரு மாங்காய்ப் புட்டா. பாலிஷ் போட்டுக் கொண்டுவந்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். பாலிஷ் போட்டால் பளபளப்பு வரும், பலம் வராது.

*ஜரிகை மட்டும் பிசிறி உதிர்ந்தால்,* வெட்டிய பிறகு ஒன்றும் செய்ய இயலாது. அடுத்த துண்டுக்கு, வெட்டுக்கோட்டின் இரண்டு பக்கமும் முதலில் ஒரு தையல் ஓட்டிவிட்டு நடுவில் வெட்டுங்கள். கைக்குழந்தைக்கான எந்தப் பொருளிலும் ஜரிகை வேண்டாம், தோலைக் கீறும்.

*நிபுணரிடம் போக வேண்டிய இடம்:* புடவையில் சிறு ஓட்டை மட்டும் என்றால் டார்னிங் (ஓட்டையை இழையால் நெய்து மூடுவது) செய்பவரிடம் கொடுங்கள், வெட்ட வேண்டிய தேவையே இருக்காது. பழைய காஞ்சிபுரப் புடவை, அசல் வெள்ளி ஜரிகையாக இருக்கலாம் என்று தோன்றினால் கத்தரி வைப்பதற்கு முன் சோதித்துவிடுங்கள். அசல் ஜரிகையில் பட்டு இழையின் மேல் வெள்ளியைச் சுற்றி, அதன் மேல் தங்க முலாம் பூசியிருப்பார்கள். பிரிந்து நிற்கும் ஓர் இழையை நகத்தால் சுரண்டினால் பொதுவாக உள்ளே சிவப்புப் பட்டு தெரியும். தெரிந்தால், வாசலில் வந்து பழைய பட்டு வாங்குபவர் சொல்லும் விலையை அப்படியே ஏற்காமல், ஜரிகையைக் கருவியில் வைத்து வெள்ளி அளவு சொல்லும் இடத்துக்கு எடுத்துப் போங்கள். காஞ்சிபுரத்தில் அந்த வசதி உண்டு.

துணியின் அடிப்பக்கம் நூல் கூடு கட்டுகிறது

சிக்கல் கீழே தெரிந்தால் பிழை மேல்நூலில் இருக்கும். பாபினைக் கழற்றிக் கழற்றிப் பார்ப்பதை நிறுத்துங்கள்.

மேல்நூலை முழுவதும் உருவிவிட்டு, துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிய நிலையில் மறுபடி கோத்துவாருங்கள். பாதம் இறங்கியிருக்கும்போது டென்ஷன் தட்டுகள் இறுகியிருக்கும். நூல் அவற்றின் நடுவே போகாமல் மேலேயே வழுக்கிப் போய்விடும். கோத்த பிறகு சரிபார்க்க எளிய வழி உண்டு. பாதம் மேலே இருக்கும்போது நூலை இழுத்தால் தடையில்லாமல் வர வேண்டும். பாதத்தை இறக்கி இழுத்தால் பிடித்துக்கொண்டு வர வேண்டும். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி வந்தால் நூல் தட்டுக்குள் இல்லை, அல்லது தட்டுக்கிடையில் பஞ்சுத்தூசி அடைத்திருக்கிறது. மெல்லிய துணி நாடா ஒன்றை அந்த இடைவெளியில் விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் தூசி வந்துவிடும்.

தொடங்கும் இடத்தில் மட்டும் கூடு கட்டினால், முதல் சில தையல்களுக்கு இரண்டு நூல் நுனிகளையும் பின்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். சிறிய பிட் துணிகளில் மூலையிலிருந்து தொடங்கும்போது துணி ஊசித்தட்டின் ஓட்டைக்குள்ளேயே இறங்கிவிடும். ஒரு வேண்டாத துண்டில் தையலைத் தொடங்கி, நிறுத்தாமல் அப்படியே பிட் துணிக்குள் போய்விடுங்கள். கடைசியில் அந்தத் துண்டை வெட்டி எறியலாம்.

கால் மெஷினில் தொடக்கத்தில் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றினாலும் இதே சிக்கல் வரும், நூலும் அறும். கைச்சக்கரத்தை முதலில் உங்களை நோக்கி ஒரு சுற்று கையால் தள்ளிவிட்டு, பிறகு காலால் மிதியுங்கள்.

இதையெல்லாம் செய்தும் தீராவிட்டால் பாபின். பாபின் கேஸை நூல் நுனியில் பிடித்துத் தொங்கவிட்டு, மணிக்கட்டை லேசாக ஒரு முறை உதறுங்கள். கேஸ் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். உதறாமலேயே சரசரவென்று இறங்கினால் தளர்வு; உதறியும் அசையாவிட்டால் இறுக்கம். அதிலுள்ள சிறு திருகைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். துருப்பிடித்த பாபினையும் ஓரம் நசுங்கிய பாபினையும் வைத்துப் போராட வேண்டாம், புதியது மலிவுதான்.

மேல்நூல் டென்ஷன் திருகின் முறை இப்போதுதான் வருகிறது. திருப்பும் முன் அது நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்துவிடுங்கள்.

தையல் தாண்டுகிறது

*சாதாரணப் பருத்தியிலும் தாண்டுகிறது:* ஊசி தேய்ந்திருக்கும், வளைந்திருக்கும், அல்லது முழுவதும் மேலே ஏறாமல் மாட்டியிருக்கும். ஊசியைக் கண்ணாடி மேல் படுக்கவைத்தால் வளைவு தெரிந்துவிடும். ஊசியின் தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். குழப்பமாக இருந்தால் ஊசியில் உள்ள நீளப் பள்ளத்தைப் பாருங்கள். நூல் எந்தப் பக்கத்திலிருந்து காதுக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கம் பள்ளம் இருக்க வேண்டும். தட்டைப் பக்கம் அதற்கு எதிரே.

*பனியன் துணியில் மட்டும் தாண்டுகிறது:* திருப்பூரிலிருந்து கிலோ கணக்கில் வரும் பனியன் துணி மிச்சமும் பழைய டி-ஷர்ட்டும் பரிசு தைக்க அருமையானவை. ஆனால் அவற்றுக்குக் கூர்முனை ஊசி ஆகாது. முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி என்று கேட்டு வாங்குங்கள். துணியை முன்னாலும் இழுக்காமல், பின்னாலும் இழுக்காமல் விடுங்கள். தைத்த பிறகு விரித்தால் நூல் அறுகிறது என்றால் நேர்த்தையல் அந்த இழுப்புக்கு ஈடுகொடுக்கவில்லை. ஜிக்ஜாக் வசதி இருந்தால் குறுகலான ஜிக்ஜாக் போடுங்கள். இல்லாவிட்டால் தையலோடு சேர்த்து ஒரு பருத்தி நாடாவை வைத்துத் தைத்து, துணி இழுபடாமல் செய்துவிடலாம்.

*தாண்டுவதோடு நூலும் அடிக்கடி அறுகிறது:* நூல்கண்டைச் சந்தேகியுங்கள். பழைய துணியோடு பழைய நூலையும் பயன்படுத்தும் ஆசை நமக்கு வருகிறது. பெட்டியில் பல வருடம் கிடந்த பருத்தி நூல் மக்கியிருக்கும். ஒரு முழத்தை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் அறுந்தால் அந்தக் கண்டைத் தையலிலிருந்து விலக்கிவிடுங்கள்.

புது ஊசி, நல்ல நூல், பருத்தித் துணி ஆகிய மூன்றும் சரியாக இருந்தும் தாண்டினால் ஷட்டிலும் (ஊசிக்குக் கீழே மேல்நூலைப் பிடிக்கும் கொக்கி) ஊசியும் சந்திக்கும் நேரம் பிசகியிருக்கலாம். அதை வீட்டில் திருத்த முயல வேண்டாம், மெக்கானிக்கின் வேலை அது.

ஜீன்ஸ் துணியில் ஊசி உடைகிறது

ஜீன்ஸ் பையின் அழகே அந்தத் தடித்த பக்கத் தையல்தான். ஊசி உடைவதும் அங்கேதான். 16 எண் ஊசி போடுங்கள், பல அடுக்கு வந்தால் 18. பாதம் தடிப்பின் மேல் ஏறும்போது முன்பக்கம் தூக்கிக்கொண்டு சாய்ந்துவிடும்; சாய்ந்த பாதத்தின் கீழ் துணி நகராது, நாம் இழுப்போம், ஊசி வளைந்து தட்டில் இடித்து உடையும். இதற்குப் பாதத்தின் பின்பாதிக்கு அடியில் அதே தடிப்பில் மடித்த துணித்துண்டு ஒன்றைச் செருகி, பாதம் மட்டமாக நிற்கும்படி செய்யுங்கள். தடிப்பைத் தாண்டும் வரை காலை எடுத்துவிட்டு, கைச்சக்கரத்தால் ஒவ்வொரு தையலாக ஓட்டுங்கள். தைப்பதற்கு முன் தடிப்பின் மேல் ஒரு துணியைப் போட்டுச் சுத்தியலால் தட்டி மட்டப்படுத்துவதும் நன்றாக உதவும்.

பாக்கெட் மூலையில் உள்ள செம்பு ரிவிட்டின் மேல் எந்த நிலையிலும் தைக்கக் கூடாது. இரண்டு விரல் தள்ளி வெட்டுங்கள்.

ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளும் கிடைக்கும் வரை அடுத்த வேலையைத் தொடங்காதீர்கள். துண்டுகளைச் சேர்த்து வைத்து ஊசியின் முழு நீளம் வருகிறதா என்று பாருங்கள். முனை கிடைக்காவிட்டால் காந்தத்தைத் துணியின் மேல் நகர்த்துங்கள். குழந்தைக்குப் போகும் பொருளாக இருந்து முனை கடைசிவரை கிடைக்கவில்லை என்றால் அந்தப் பொருளைக் கொடுக்க வேண்டாம்.

ஆறு, எட்டு அடுக்கு ஜீன்ஸ் வீட்டு மெஷினின் வேலை இல்லை. வலிந்து ஓட்டினால் செலவு மெஷினில் வந்து விழும். பை தைக்கும் கடையில் பெரிய மெஷின் இருக்கும். அந்தத் தடித்த இடங்களை மட்டும் அங்கே கொடுத்து ஓட்டி வாங்குங்கள். செருப்புத் தைப்பவர் குத்தூசியால் கையாலேயே போட்டுத் தரும் தையலும் மிக உறுதியானது.

மெல்லிய துணி தையல் வரியில் நெளிகிறது

ஷிபான், ஜார்ஜெட், பழைய நைலக்ஸ் ஆகியவற்றில் இது சகஜம். 9 அல்லது 11 எண் ஊசி, மெல்லிய நூல், தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் என்று வைத்துப் பாருங்கள். தீராவிட்டால் துணிக்கு அடியில் மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்றை வைத்துச் சேர்த்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்து எடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், வெளிர்நிறத் துணியில் மை ஏறும். டென்ஷனைச் சற்றுத் தளர்த்துவது கடைசி வழி.

துண்டுகளைச் சேர்த்தால் ஓரங்கள் பொருந்தவில்லை, விரிப்பு கோணுகிறது

கோணலுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. தையல் விளிம்பு ஒரே அளவாக இல்லாதது முதல் காரணம். எட்டுச் சதுரங்களை ஒரு வரிசையாகச் சேர்க்கும்போது ஏழு தையல்கள் வரும். ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கமும் 2 மில்லிமீட்டர் கூடுதலாகப் போனால் வரிசை 28 மில்லிமீட்டர் குட்டையாகிவிடும். அடுத்த வரிசை சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் எப்படிச் சேரும்? ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, ஊசித்தட்டின் மேல் ஒட்டுப்பட்டை ஒன்றை ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அந்தப் பட்டையை உரசிக்கொண்டே போகட்டும்.

இரண்டாவது காரணம், இழைவாக்கு. தையற்கடை மிச்சங்கள் பெரும்பாலும் அக்குள் வளைவும் கழுத்து வளைவுமாக, குறுக்குவாக்கில், அதாவது இழைகளுக்குச் சாய்வாக வெட்டப்பட்டவை. அவற்றிலிருந்து இழைவாக்குப் பார்க்காமல் சதுரம் வெட்டினால், அந்தச் சதுரம் கையில் இழுத்த பக்கமெல்லாம் நீளும். துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவினால் நேர்க்கோடு தெரியும். அதை வைத்து வெட்டுங்கள். துண்டு சிறியது, வேறு வழி இல்லை என்றால், முதலில் அதை வேட்டித் துணிச் சதுரத்தின் மேல் வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு சேருங்கள்.

ஒவ்வொரு தையலையும் போட்டவுடன் இஸ்திரி வைத்து அழுத்தினால் பாதிக் கோணல் வரவே வராது. அப்போது பெட்டியைத் தேய்க்கக் கூடாது. எடுத்து எடுத்து வைக்க வேண்டும்.

பையின் கைப்பிடி பிய்ந்துவருகிறது

பெரும்பாலும் கைப்பிடி அறுவதில்லை, அது தைத்திருக்கும் துணிதான் கிழிகிறது. அதனால் நூலைத் தடிப்பாக்கிப் பயனில்லை. கைப்பிடி நுனியைப் பையின் வாயிலிருந்து குறைந்தது 2 அங்குலம் கீழே இறக்கி, சதுரமாகத் தைத்து, அதற்குள் பெருக்கல் குறியாகக் குறுக்கே இரண்டு தையல் போடுங்கள். பையின் உட்பக்கம் அந்த இடத்தில் ஜீன்ஸ் துணிச் சதுரம் ஒன்றை வைத்துச் சேர்த்துத் தையுங்கள். டிபன் பைக்கும் கடைக்குப் போகும் பைக்கும் கைப்பிடியைப் பையின் அடிவரை கொண்டுபோய்ச் சுற்றிவருவது இன்னும் நல்லது. பாரம் அப்போது துணியின் மேல் விழாமல் பட்டையின் மேல் விழும். பழைய ஜீன்ஸின் இடுப்புப் பட்டை அப்படியே கைப்பிடியாகும். பட்டுக்கரையைக் கைப்பிடியாக்க வேண்டும் என்றால் உள்ளே பருத்தி நாடா கொடுக்காமல் தைக்காதீர்கள்.

சுருக்குப்பையின் வாய் மூடவில்லை

கயிறு ஓடும் குழல் குறுகலாக இருக்கிறதா பாருங்கள். தைத்து முடித்த குழலின் அகலம், கயிற்றின் தடிப்பைப் போல இரண்டரை மடங்காவது இருக்கட்டும். அகலம் போதும், ஆனாலும் வாய் சுருங்கவில்லை என்றால் துணி விறைப்பாக இருக்கிறது. கேன்வாஸ் ஒட்டியிருந்தால் குழலுக்குக் கீழேயே அதை நிறுத்திவிட வேண்டும். இரண்டு கயிறுகளை எதிரெதிர் பக்கத்திலிருந்து விட்டு இழுத்தால் வாய் ஒரே சீராக மூடும். குழலுக்குள் நிற்கும் தையல் விளிம்பில் கயிறு மாட்டுகிறது என்றால், கயிறு கோப்பதற்கு முன் அந்த விளிம்பை இரண்டு பக்கமும் படியவைத்துத் தைத்துவிடுங்கள்.

பழைய ஜிப் ஓடவில்லை, அல்லது தைத்ததும் அலை அலையாக நிற்கிறது

ஓடாத ஜிப்பின் பற்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துப் பாருங்கள். ரன்னர் போன பின் பற்கள் திறந்துகொண்டால் ரன்னர் அகன்றிருக்கிறது. குறடால் அதன் இரண்டு பக்கங்களையும் மிக லேசாக அழுத்துங்கள். ஒரே அழுத்தில் இறுக்கினால் ரன்னர் உடையும். பல் உதிர்ந்த ஜிப்பைப் பரிசுப் பொருளில் வைக்கவே வேண்டாம்.

அலை நிற்பதற்குக் காரணம், தைக்கும்போது துணி நீண்டது. ஜிப்பை முதலில் கையால் ஓட்டித் தைத்துவிட்டு, பிறகு இரண்டு பக்கமும் ஒரே திசையில், மேலிருந்து கீழாக, மெஷினில் ஓட்டுங்கள். ஜீன்ஸிலிருந்து எடுத்த உலோக ஜிப் என்றால் பற்களைத் தாண்டும் இடத்தில் கைச்சக்கரம் மட்டும். ரன்னர் மாற்ற வேண்டியிருந்தால் பை பழுதுபார்க்கும் கடையில் நொடியில் செய்து தருவார்கள்.

முதல் துவைப்பிலேயே பரிசு சுருங்குகிறது, சாயம் இறங்குகிறது

பழைய துணியோடு புதுத் துணியைச் சேர்க்கும்போதுதான் இது நடக்கும். பழைய புடவை சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்துவிட்டது. புதிதாக வாங்கிய லைனிங் இனிமேல்தான் சுருங்கும். லைனிங், நாடா, பருத்திக் கயிறு என்று புதிதாக எது உள்ளே போனாலும் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். தைத்த பிறகு சுருங்கியதை நீட்ட வழி இல்லை. லைனிங்கைப் பிரித்து மாற்றலாம், அவ்வளவுதான்.

சாயத்துக்கு: ஈரமான வெள்ளைத் துணியைச் சந்தேகப்படும் துணியின் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியைத் தனியாகத் துவைத்துத் துவைத்துச் சோதியுங்கள். அடர்சிவப்பு, அரக்கு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றைச் சோதிக்காமல் வெளிர்நிறத்தோடு சேர்க்கக் கூடாது. உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம்பி வெள்ளை வேட்டியோடு சேர்த்துவிடாதீர்கள். சாயம் விடும் துணிக்கு அது காப்பு இல்லை. ஏற்கெனவே தைத்த பொருளில் சாயம் ஏறிவிட்டால், காயவிடாமல், ஈரம் இருக்கும்போதே குளிர்ந்த நீரில் திரும்பத் திரும்ப அலசுங்கள். காய்ந்து, அதன் மேல் இஸ்திரியும் போட்டுவிட்டால் எடுப்பது மிகக் கடினம், டிரைகிளீனரிடம் கேட்டுப்பாருங்கள்.

இஸ்திரி வைத்ததும் துணி உருகியது

பிட் துணி மூட்டையில் எது பருத்தி, எது பாலியெஸ்டர் என்று பார்வையால் சொல்ல முடியாது. நான்கைந்து இழைகளை உருவி, இடுக்கியால் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள்; பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். காகிதம் எரிந்த வாடையும் மெல்லிய சாம்பலும் என்றால் பருத்தி. முடி கருகிய வாடையும் விரலால் நொறுங்கும் கரியும் என்றால் பட்டு. உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நின்றால் பாலியெஸ்டர் அல்லது நைலான்.

சமையலறைக்குப் பிடித்துணி தைத்துக் கொடுப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் இருக்கக் கூடாது. மேல்துணி, உள்துணி, நூல் மூன்றும் பருத்தியாக இருக்க வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கும் குக்கரைப் பிடிக்கும் கையில் உருகிய பாலியெஸ்டர் ஒட்டினால் தோலோடு வரும்.

பொம்மையும் தலையணையும் கட்டிகட்டியாக இருக்கின்றன

துணி வெட்டியதில் விழும் பொடித்துணியை உள்ளே அடைப்பது நல்ல யோசனைதான். ஆனால் துண்டுகள் விரல் நகத்தளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும். வெளித்துணியை ஒட்டி ஒரு சுற்று பஞ்சு, நடுவில் பொடித்துணி என்று வைத்தால் மேடுபள்ளம் தெரியாது. இலவம்பஞ்சு வெளியே பறந்தால் வெளித்துணியின் நெசவு தளர்வாக இருக்கிறது. நெருக்கமாக நெய்த பருத்தியில் உள்ளுறை தைத்து, அதற்குள் பஞ்சை அடையுங்கள்.

சின்னக் குழந்தைக்கான பொம்மைக்குப் பொத்தான் கண், மணி, பாசி எதுவும் வேண்டாம். எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் ஒரு நாள் வாய்க்குள் போகும். கண்ணை நூலாலேயே தையுங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தலையணையையும் திணித்த பொம்மையையும் தூங்கும் இடத்தில் வைக்கக் கூடாது. அதைப் பரிசு கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

மெஷின் கனமாக ஓடுகிறது, சத்தம் போடுகிறது

பழைய துணி, புதுத் துணியை விட அதிகமாகப் பஞ்சு உதிர்க்கும். ஊசித்தட்டின் திருகுகளைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லுக்கிடையில் பாருங்கள். கம்பளிபோல் ஒரு படிவம் இருக்கும். குண்டூசியாலும் சிறு பிரஷ்ஷாலும் எடுத்துவிடுங்கள். ஷட்டில் இருக்கும் இடத்தையும் அப்படியே. வாயால் ஊதாதீர்கள், ஈரமும் தூசியும் உள்ளே போகும். பிறகு தையல் மெஷின் எண்ணெயை எண்ணெய்த் துளைகளில் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். பிசுபிசுத்து இறுகி, மெஷினை இன்னும் கனமாக்கும். எண்ணெய் விட்டதும் வேண்டாத துணியில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுத்தான் பட்டை எடுக்க வேண்டும்.

கால் மெஷினில் மிதித்தும் சக்கரம் வழுக்கினால் தோல் பெல்ட் தளர்ந்திருக்கிறது. அரை அங்குலம் வெட்டி, கம்பியால் மறுபடி இணைத்தால் போதும். மோட்டார் வைத்த மெஷினில் கருகிய வாடை வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். அதற்கு மேல் வீட்டில் செய்ய எதுவும் இல்லை.

சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, புது ஊசியும் போட்ட பிறகும் உலோகம் உலோகத்தில் இடிக்கும் சத்தம் வந்தாலோ, கைச்சக்கரம் ஒரே இடத்தில் வந்து வந்து சிக்கினாலோ மெக்கானிக்கிடம் போங்கள். கொண்டுபோகும்போது மெஷினின் தலைப்பாகத்தோடு, கோளாறு வந்த அதே துணியில் இரண்டு துண்டு, அதே ஊசி, அதே நூல்கண்டு, பிழையாக விழுந்த தையல் உள்ள துண்டு ஆகியவற்றையும் எடுத்துப் போங்கள். கடையில் இருக்கும் புதுப் பருத்தித் துணியில் ஓட்டிப் பார்த்துவிட்டு "நன்றாக ஓடுகிறதே" என்று கொடுத்துவிடுவார்கள். உங்கள் துணியில் ஓட்டிக் காட்டச் சொல்லி, தையலின் இரண்டு பக்கத்தையும் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.